சேகர் பாய் கேட்ட மழை

சேகர் பாய் இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னது அவர் வீட்டார் அல்ல, ஒரு வாட்ஸ்அப் குழு. பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பீரியட் முடிந்து ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறந்திருந்தேன். போன் அதிர்ந்தது. மெயின்லேண்டில் இருக்கும் ஹெவி மெட்டல் ரசிகர்களின் குழு அது. ஆஸ்பத்திரியில் யாரோ போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, "அந்தமான் மழைக்காரர் போய்விட்டார், சென்று வா தலைவா" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதன் கீழே வரிசையாக நெருப்புப் படங்கள், கொம்பு காட்டும் கைகள். உயிரோடு இருந்தவரை அந்த மனிதரைக் கிண்டல் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் இவர்கள். செத்ததும் தலைவராகிவிட்டார்! அடுத்த நிமிஷமே அவர் மனைவி புஷ்பம் அக்கா அழைத்தார். "மாஸ்டர், அவரு போயிட்டாரு" என்றார். டப்பாவை மூடிவிட்டு பாம்பூஃப்ளாட் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அஞ்சலி எழுதும்போது கோபப்படக் கூடாது என்று ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை இன்றைக்கு எனக்கு வேண்டாம். ஃபெர்ரியில் அவரோடு வேலை பார்த்தவர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டிலிருந்து வந்த சத்தத்துக்குத் திட்டிக்கொண்டே ஜன்னலைச் சாத்திய அக்கம்பக்கத்தாரே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர் உயிராக வைத்திருந்த ஒரு கேசட்டை மெயின்லேண்டில் ஒரு கம்பெனி கேட்டது. நான் என்ன பதில் எழுதினேன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சில விஷயங்களைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறது.

ஞானசேகரன் என்பது முழுப்பெயர். இந்தத் தீவில் வங்காளிக்கும் தெலுங்கருக்கும் மலையாளிக்கும் எல்லோருமே பாய், அதாவது அண்ணன்தான் என்பதால் அவர் சேகர் பாய் ஆனார். இளவயதில் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் இன்ஜினுக்கு எண்ணெய் போடும் வேலை. பிறகு சாத்தாமுக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே ஓடும் ஃபெர்ரியில் இன்ஜின் டிரைவர். வாரம் ஆறு நாளும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் இன்ஜின் அறைக்குள் இறங்குவார். கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். "சிரிங்கடா. எனக்கு ஞாயித்துக்கிழமைக்குக் காது வேணும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன? சொல்கிறேன். வாலிப வயதில் அவர் சென்னையிலிருந்து தீவுக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தார். புயல். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள், கப்பல் நாலு நாள் தள்ளிப்போனது. பொழுது போகாமல் ஒரு கேசட் கடைக்குள் நுழைந்தவர் கண்ணில் "பத்தாம் எண் கூண்டு" என்று தலைப்புப் போட்ட கேசட் பட்டது. "சாணைக்கல்" என்று நாலு சென்னைப் பையன்களின் குழு. தமிழில் ஹெவி மெட்டல். துறைமுகத்தில் கூண்டு, கையிலும் கூண்டு என்று சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டார். மூன்று நாள் கப்பல் பயணத்தில், இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே, சின்ன டேப் ரெக்கார்டரைக் காதோடு அணைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். பாதி காதிலேயே விழவில்லை. ஆனாலும் பைத்தியம் பிடித்துவிட்டது.

அடுத்த வேலை கச்சால் தீவுக்கு ஓடும் கப்பலில். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியிருந்தார்கள். அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில்தான், புஷ்பம் அக்காவைப் பார்த்தார். பெண்ணிடம் நேரே பேச முடியுமா? பெண்ணின் தம்பி ரவியைப் பிடித்தார். சிநேகிதம் பிடிக்கக் கையில் இருந்த ஒரே பொக்கிஷத்தை, அந்தக் கேசட்டை, கேட்கக் கொடுத்தார். அடுத்த கப்பலில் போனபோது ரவி பத்திரமாகத் திருப்பித் தந்தான். கல்யாணமும் ஆனது. அதன் பிறகுதான், ஓர் அமைதியான வீட்டில் உட்கார்ந்து, அந்த ஆல்பத்தை முதல்முறையாக முழுசாகக் கேட்டார். கடைசிப் பாட்டில் எல்லா வாத்தியமும் சட்டென்று ஓயும் ஓர் இடம் வரும். அந்த மௌனத்தில் மழை கேட்கும். யாரோ ஒருவர் மெல்ல இருமுவார். அப்புறம் கிதார் இடிந்து விழும். "என்னா தைரியம் பாரு வாத்தியாரே! ஸ்டுடியோ கூரையில மழை. ட்ரம்மர் இருமுறான். அதையும் விட்டு வெச்சிருக்கானுங்க. இதுல ஒரு ரூம் இருக்கு. உள்ள போய் நிக்கலாம்" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

பல வருஷம் கழித்து அந்த ஆல்பம் சிடியாக மறுபடி வந்தது. ஆசை ஆசையாக வரவழைத்தார். மழை இல்லை. இருமலும் இல்லை. "சுத்தம் பண்றேன்னு தொடைச்சு எடுத்துட்டானுங்க, கபர்தார்!" என்று இந்தியில் மிரட்டிக் கொதித்தார். இன்னும் சில வருஷம் கழித்து, ஒலியைப் புதுசாகச் சீர்படுத்தி, ரீமாஸ்டர் என்று அட்டையில் பெரிசாகப் போட்டு இரண்டாவது சிடி வந்தது. அதில் மழை இல்லாதது மட்டுமல்ல, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே கத்தல். மெதுவான இடமும் கத்துகிறது, ஓங்கிய இடமும் கத்துகிறது. "எல்லாரும் கத்தினா எவன் கத்துறான்னு எப்படிடா தெரியும்?" என்று சிடியைப் பார்த்தே கேட்டார்.

வெறும் வாயால் திட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. எது சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். கடைக்காரனும் கம்பெனிக்காரனும் அதில்தான் பிழைக்கிறார்கள். "முதல்ல சமமாக்கு, அப்புறம் பேசு" என்பார். கப்பலில் கழித்துப்போட்ட சத்தம் அளக்கும் மீட்டர் ஒன்றை நாற்காலியில் வைப்பார். கேசட், முதல் சிடி, இரண்டாவது சிடி என்று ஒவ்வொன்றையும் போட்டு, மீட்டர் ஒரே அளவு காட்டும்வரை ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருப்புவார். அது நிற்கும் இடத்தில் புஷ்பம் அக்காவின் நகப்பூச்சால் கோடு போடுவார். கேசட்டுக்கு ரோஸ், முதல் சிடிக்கு சிவப்பு, இரண்டாவதுக்கு மெரூன். மெரூன் கோடு மற்ற இரண்டையும் விட ரொம்பக் கீழே இருக்கும். அந்த சிடி அவ்வளவு கத்துகிறது என்று அர்த்தம்.

கோடு போட்ட பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். எது ஓடுகிறது என்று அவருக்குத் தெரியக் கூடாது. மாற்றிப் போடுவது அக்காவின் வேலை. அக்காவுக்கு அந்தச் சங்கீதம் சுத்தமாக ஆகாது. "பேய் ஓட்டுற மாதிரி இருக்கு மாஸ்டர், கேக்க ஏலாது" என்பார். ஆனாலும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்து நிற்பார். அவரையும் சேகர் பாய் சும்மா விடவில்லை. எந்த சிடிக்கு எத்தனை நிமிஷத்தில் தலைவலி வருகிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். முதல் சிடிக்கு அரைமணி. ரீமாஸ்டருக்குப் பத்து நிமிஷம். "கேசட்டுக்கு?" என்றால், "கேசட்டுக்கு வலிக்கல" என்பார் அக்கா. "பாத்தியா வாத்தியாரே, மீட்டர் பொய் சொல்லும், பொண்டாட்டி தலைவலி பொய் சொல்லாது!" அன்றைக்கெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் வலிக்கவில்லை என்று கேட்கிற புத்தி இரண்டு ஆண்களுக்கும் இல்லை.

கம்பெனிக்கு எழுதினார். மழையைத் திருப்பிக் கொடுங்கள், சத்தத்தைக் குறையுங்கள் என்று இரண்டே கோரிக்கை. மழையே கிடையாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் நியாயம் கேட்டார். கோயம்புத்தூரில் ஒருவர், தன்னிடமும் அதே கேசட் இருக்கிறது, அதில் மழை இல்லை என்றார். "உன்னுது ரெண்டாவது அச்சா இருக்கும், போய்யா" என்று எழுதினார் இவர். அன்றிலிருந்து அந்தமான் மழைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் எந்தப் பழைய ஆல்பத்தைப் பற்றிப் பேசினாலும், "இதில் மழை வருதா அண்ணே?" என்று கேட்பது அங்கே ஒரு விளையாட்டாகிவிட்டது. ஏழு கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஃபெர்ரி டிரைவருக்கு என்ன தெரியும் என்கிற திமிர்.

இருங்கள், அவர்களை மட்டும் திட்டினால் நான் யோக்கியனாகிவிடுவேனா? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். "பௌதிக ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன். அது மழை அல்ல, பழைய நாடாவின் இரைச்சல். சேகர் பாய் இதை ஒப்புக்கொள்வது நல்லது" என்று அதே குழுவில் எழுதினேன். எத்தனை கட்டைவிரல்கள் வந்தன தெரியுமா! ஒவ்வொன்றையும் எண்ணிப் பூரித்தேன். மறுநாள் ஃபெர்ரியில் என்னைப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜின் அறைக்குள் இறங்கிவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்குள் பேச்சில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு மதியம், நனைந்துகொண்டே பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் பாலித்தீன் சுற்றிய டேப் ரெக்கார்டரும் ஹெட்போனும். வணக்கம்கூடச் சொல்லவில்லை. என்னைச் சைக்கிள் ஷெட்டுக்கு இழுத்துப் போனார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்போனை என் தலையில் மாட்டி அந்த இடத்தை ஓடவிட்டார். பிறகு ஒரு காதிலிருந்து மட்டும் அதைத் தூக்கினார். ஒரு காதில் கேசட், மறு காதில் கூரை. இரண்டும் ஒன்று.

"பௌதிகம் என்னா சொல்லுது?" என்றார்.

"மழைதான், பாய்" என்றேன்.

"பஸ்" என்று இந்தியில் முடித்தார். "எனக்கு அது போதும்."

அவருக்குப் போதும். எனக்குப் போதுமா? சைக்கிள் ஷெட்டில் ஒப்புக்கொண்டதைக் குழுவில் எழுத எனக்கு வாய் வரவில்லை, கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் வாய் திறந்திருந்தால் அந்தக் கேலி பாதியாகக் குறைந்திருக்கும். படித்தவன் என்று சொல்லிக்கொள்ள என்ன அருகதை எனக்கு? எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்: அது மழைதான். சேகர் பாய்க்குக் காது இருந்தது, எனக்கு முதுகெலும்பு இல்லை.

காரியம் முடிவதற்குள் கம்பெனியிலிருந்து விவேக் என்ற ஒருவர் போன் செய்தார். குரலில் என்ன பணிவு! சேகர் சாரின் மறைவு பேரிழப்பு என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "சார், மூன்றாவது பதிப்பு ஒன்று கொண்டுவருகிறோம். மழைப் பதிப்பு என்று பெயர். அவருடைய கேசட்டிலிருந்து அந்த மழையை எடுத்துச் சேர்த்துவிடலாம். அவருக்கே சமர்ப்பணம் போடுகிறோம். ரசிகர்களுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்." எந்தக் கதை? அவர்கள் கேலி செய்த கதையா? "மழையே கிடையாது என்று எழுதினீர்களே" என்றேன். "அது அப்போது சார்" என்றார். நாக்கூசாமல் சொன்னார்.

ஆனால் போனை வைத்ததும் என் மனசு வேறு கணக்குப் போட்டது. எப்படியோ மழையை ஒப்புக்கொள்ள வந்துவிட்டார்களே, அவர் கேட்ட இரண்டில் ஒன்று நடக்கிறதே. நான் செய்த துரோகத்துக்கும் ஒரு பரிகாரம் போல் தோன்றியது. நேராகப் புஷ்பம் அக்காவிடம் போனேன். "அக்கா, பாய் ஜெயிச்சிட்டாரு. கேசட்டைக் குடுங்க" என்றேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "குடுக்க ஏலாது மாஸ்டர்" என்றார்.

"ஏன்?"

"அது ஸ்டுடியோ மழை இல்ல. எங்க லயத்து மழை."

எனக்கு விளங்கவில்லை. அக்காவே சொன்னார். கேட்கக் கொடுத்த கேசட்டை, திருப்பித் தருவதற்கு முன் தனக்கும் ஒன்று வேண்டுமென்று ரவி பக்கத்து லயத்திலிருந்து இன்னொரு டேப் ரெக்கார்டர் வாங்கிவந்து, ஒன்றை ஓடவிட்டு மற்றதை அதன் எதிரே வைத்துப் பதிவு செய்திருக்கிறான். அப்போது தகரக் கூரைமேல் மழை. "மூச்சு விடாதீங்கன்னு எங்க எல்லாரையும் மிரட்டிட்டு, கடைசியில அவனே இருமிட்டான். நாங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சோம்" என்றார். மறுநாள் ரவி அசல் கேசட்டை இன்னொரு தடவை போட்டபோது மெஷின் நாடாவைக் கடித்துக் குதறிவிட்டது. அக்காவைப் பெண் கேட்கவிருக்கும் மனிதரின் பொருள். பையன் பயந்துபோனான். அசல் கேசட் கூட்டின் திருகாணிகளைக் கழற்றி, கடிபட்ட நாடாவை எடுத்துவிட்டு, தான் பதிவு செய்ததை உள்ளே வைத்து மூடிவிட்டான். "அக்கா, சொல்லிறாத, கல்யாணம் நின்னுரும்னு காலைப் புடிச்சான். நான் சொல்லல. அப்புறம் சுனாமியில லயமும் போச்சு, அவனும் போயிட்டான். படம்கூட ஒண்ணும் மிஞ்சல. அந்த இருமல் ஒண்ணுதான் மாஸ்டர்."

சேகர் பாய் உள்ளே போய் நிற்கலாம் என்று சொன்ன அந்த அறை கச்சாலில் இருந்திருக்கிறது. கடல் கொண்டுபோன அறை. கேட்க ஏலாத சங்கீதத்தை அக்கா ஏன் ஞாயிறு தவறாமல் நின்று மாற்றிப் போட்டார் என்பதும், கேசட்டுக்கு மட்டும் ஏன் தலை வலிக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. உடனே கோபமும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், அக்கா மேல்தான் வந்தது. "இத்தனை வருஷம் ஊரே அவரைச் சிரிச்சுதே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா!" என்று கத்திவிட்டேன்.

"சொன்னேன்" என்றார். "ஆஸ்பத்திரியில, கடைசி வாரம். கையைப் புடிச்சிக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ரவியா இருமுறான், ரவியான்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம் சிரிச்சாரு. சிரிச்சு இருமல் வந்திருச்சு. அப்ப அந்தக் கம்பெனிக்காரனுங்க மழையை அழிக்கல, மத்லப், அப்படின்னா நான்தான் தப்பு, அவனுங்களுக்கு ஒரு மன்னிப்பு எழுதணும், வாத்தியார எழுதச் சொல்லுன்னாரு." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்திரிச்சு வரும்போது திரும்பக் கூப்பிட்டாரு. சத்தத்தை ஏத்துனதுக்கு மன்னிப்புக் கெடையாதுன்னு அதையும் எழுதச் சொல்லுன்னாரு."

அன்றிரவே விவேக்குக்கு எழுதினேன். ஞானசேகரன் தன் தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறார்; மழை உங்களுடையது அல்ல; அதனால் கேசட்டும் உங்களுக்கு இல்லை. அவர் பெயரையோ மழையையோ அட்டையில் போட்டு விற்றால் நான் நேரில் வந்து நிற்பேன். சத்தத்தை ஏற்றியதற்கு மன்னிப்புக் கிடையாது. இவ்வளவுதான் கடிதம். இந்த அஞ்சலியில் உள்ளதையெல்லாம் வெளியே எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டபோது, "எழுதுங்க. அவரும் இல்ல, தம்பியும் இல்ல, இனி யாரு என்னைக் கோவிக்கப்போறா" என்றார். எழுதிவிட்டேன். அந்தக் குழுவில் இருப்பவர்கள் படியுங்கள், படித்துவிட்டு இதற்கும் நெருப்புப் படம் போடுங்கள்.

கேசட் அக்காவிடமே இருக்கிறது. எனக்கு ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்தார். இரண்டு சிடிகளும் தலைவலி நோட்டும் மீட்டரும் அதோடு வந்தன. மீட்டரைவிட எனக்கு அவசியமானது அந்தக் குமிழில் காய்ந்திருக்கும் மூன்று கோடுகள்தான். எது பெரிசாகக் கத்துகிறதோ அதன் பக்கம் சாய்கிற என் புத்திக்கு அவை வேண்டும். அன்றைக்குக் கட்டைவிரல்களை எண்ணியவன் நான்தானே.

போன ஞாயிறு அக்கா கேசட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கடைசிப் பாட்டைப் போட்டேன். குமிழை ரோஸ் கோட்டில் வைத்தேன். வாத்தியங்கள் ஓய்ந்தன, மழை வந்தது. இருமல் வரப்போகிறது, அக்காவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று என் கை தன்னால் குமிழுக்குப் போனது.

"ஏத்தாதீங்க மாஸ்டர்" என்றார். "அவரு போட்ட கோட்டுலயே இருக்கட்டும்."

கையை எடுத்துக்கொண்டேன். ரவி இருமினான்.